ஆறாம் நாட் காய்ச்சல்

என் தாய்வழிப் பாட்டனாரை நான் கண்டதில்லை. 1948 ஆம் ஆண்டில் அவர் காலமானபோது என் தாயாருக்கு ஒன்பது வயது. சலம் அடைத்துக்கொண்டு இரண்டு நாள் துடித்தவரை மாட்டுவண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். சத்திரசிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் எழுந்திருந்து கஞ்சி குடித்தார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். "ஒப்பரேசன் நல்லாத்தான் நடந்தது. ஆறாம் நாள் நடுக்கிக் காய்ச்சல் வந்தது, கொண்டு போட்டுது" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அந்த 'நல்லாத்தான் நடந்தது' என்ற சொற்கள் சிறுவயதிலிருந்தே என்னைக் குழப்பியவை. நன்றாக நடந்த ஒன்றினால் ஒரு மனிதர் எப்படி இறக்க முடியும்?

கடந்த ஆண்டு என் சிறுநீரகக் குழாயில் ஒரு கல் சிக்கியபோதுதான் இக்கேள்விக்கு விடை தேடும் அவசியம் ஏற்பட்டது. நாள் குறித்து, இரத்தம் சோதித்து, பையையும் கட்டிக்கொண்டு போன என்னை இளம் வைத்தியர் ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். "ஐயா, உங்கட சலத்தில கிருமி வளர்ந்திருக்குது. அதை அடக்காமல் உள்ளுக்கு விட்டால் கிருமி இரத்தத்தில ஏறிப்போகும். பத்து நாள் கழிச்சு வாங்கோ" என்றார். எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் செய்தித்தாளில் வேலை செய்தவனுக்கு ஒத்திவைப்பு என்றாலே ஏதோ ஒரு சாட்டு என்றுதான் படும். வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கியவன், அவற்றை மூடி வைக்க மூன்று மாதங்கள் ஆயின. அம்மப்பாவைக் கொண்டுபோன காய்ச்சலுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருட வரலாறு உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

மனிதன் மிகப் பழைய காலத்தில் துணிந்து செய்த வயிற்றறைச் சத்திரசிகிச்சைகளுள் ஒன்று சலப்பைக் கல்லை அறுத்தெடுப்பது. அதைப் போல மருத்துவர்கள் அஞ்சிய சிகிச்சையும் இல்லை. ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் சத்தியப்பிரமாணத்திலேயே கல்லுக்காகக் கத்தி வைப்பதில்லை, அதை அத்தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவேன் என்ற உறுதிமொழி இருக்கிறது. சுசுருத சங்கிதையோ அந்தச் சிகிச்சையை விரிவாகவே சொல்கிறது. ஆனால் அரசனிடம் அனுமதி பெற்ற பிறகே செய்யவேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் சாவு நிச்சயம், செய்தால் பிழைப்பது நிச்சயமில்லை என்பது அதன் நியாயம். எனக்கு அதில் பிடித்த பகுதி கல்லை எடுத்த பின்பு வருவது. நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இருத்தவேண்டும். சலப்பையில் இரத்தம் கட்டினால் ஆல், அரசு, அத்தி போன்ற பால் மரங்களின் பட்டைக் கஷாயத்தைக் குழாய்வழியே செலுத்திக் கழுவவேண்டும். துவர்ப்புள்ள கஷாயம் அது. சிறுநீர்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் சிக்கலை ஒரு மருந்தினால் தடுக்க முயன்றதற்கு இதனிலும் பழைய பதிவொன்று என் கண்ணில் படவில்லை.

ஐரோப்பாவில் இது நெடுங்காலம் ஊர் ஊராகத் திரிந்த கல்லறுப்பவர்களின் தொழிலாக இருந்தது. வெட்டிவிட்டுக் காய்ச்சல் தொடங்குவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவது அவர்களிற் சிலரின் வழக்கம். இலண்டனின் புகழ்பெற்ற நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீஸ் 1658 மார்ச் 26 இல் மயக்கமருந்து இல்லாமல் இந்தச் சிகிச்சைக்கு உட்பட்டவர். டெனிஸ் பந்து அளவுக் கல். தப்பிப் பிழைத்தவர் அந்தத் தேதியை ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாடினார். கல்லையும் பெட்டி செய்து பாதுகாத்தார். இன்றைக்குச் சிரிப்பாகத் தோன்றும். ஆனால் அக்காலத்தில் பிழைத்தவர்கள் கொண்டாடவேண்டியவர்களே. பெப்பீசுக்குப் பிறகு எழுபது ஆண்டுகள் கழித்து இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் வில்லியம் செசெல்டன் ஒரு நிமிடத்துக்குள் கல்லை எடுத்துவிடும் வித்தையைக் கற்றிருந்தார். அவர் அறுத்த 213 பேரில் 20 பேர் இறந்தார்கள். அந்த நூற்றாண்டில் அது வியக்கத்தக்க வெற்றி. வேகம் வலியைக் குறைத்தது, இரத்தப்போக்கைக் குறைத்தது. காய்ச்சலை அது முற்றாக வெல்லவில்லை.

1820களில் பாரிசில் ஜோன் சிவியால் கத்தியை விட்டுவிட்டு, சிறுநீர் வழியே ஒரு கருவியைச் செலுத்திக் கல்லை உள்ளேயே உடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கத்தியால் அறுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்திலொருவர் இறக்க, தன் முறையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே இறக்கிறார்கள் என்று 1830களில் எண்ணிக்கைகளோடு வாதாடினார். வெட்டுக்காயமே இல்லாமல் ஒருவருக்கு ஏன் காய்ச்சல் வரவேண்டும் என்ற கேள்வி இங்கேதான் கூர்மையடைந்தது. வயோதிபர்களுக்குச் சலம் அடைத்துக்கொண்டால் வெறும் கதீற்றர் குழாயைச் செலுத்திச் சலத்தை வெளியேற்றிய சில நாட்களில் காய்ச்சல் கண்டு இறப்பது அக்கால வைத்தியர்கள் எல்லோரும் கண்ட காட்சி. 1883 இல் இலண்டனில் சேர் அன்ட்ரூ கிளார்க் இதனைக் 'கதீற்றர் காய்ச்சல்' என்று பெயரிட்டு ஒரு விரிவுரை செய்தார். நரம்புகள் அதிர்ச்சியடைவதால் வருவது என்று வாதிட்டவர்கள் அப்போது பலர். குழாயோடு கூடவே ஏதோ ஒன்று உள்ளே போகிறது என்பதை ஒப்புக்கொள்ளப் பெரிய வைத்தியர்களுக்குக் கௌரவம் இடங்கொடுக்கவில்லைப் போலும்.

நம்மவர் கதையை இவ்விடத்தில் சொல்லாமல் போக முடியாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் போதித்தார். அதிலும் பிற்காலத்தில் தமிழிலேயே போதித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்த 'இரண வைத்தியம்' என்ற பெரிய சத்திரசிகிச்சை நூல் 1867 இல் வெளிவந்தது. அதே 1867 இல்தான் கிளாஸ்கோவிலிருந்து ஜோசப் லிஸ்டர், காயத்தில் புகும் நுண்ணுயிரைக் காபோலிக் அமிலத்தால் அழித்தால் சீழ் பிடிக்காது என்று தன் கட்டுரைகளை எழுதினார். ஒரே வருடம்! தமிழில் சத்திரசிகிச்சை நூல் அச்சேறிய அந்த வேளையில், சத்திரசிகிச்சையின் அடித்தளமே வேறொரு மூலையில் மாறிக்கொண்டிருந்தது. கிறீனின் நூல் பயனற்றது என்று சொல்வதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. அது எழுதப்பட்ட உலகம் காய்ச்சலை விதியாக ஏற்றுக்கொண்ட உலகம், அவ்வளவுதான்.

ஆனால் லிஸ்டரின் அமிலத்தைத் தோலில் பூசலாம், கருவியில் தெளிக்கலாம், சலப்பைக்குள் ஊற்றுவது எப்படி? வாயால் விழுங்கி, இரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்கி, அங்கே மட்டும் கிருமியைக் கொல்லும் ஒரு பொருள் வேண்டியிருந்தது. அப்படியொன்றை 1890களின் நடுப்பகுதியில் ஜெர்மன் வைத்தியர் ஆர்தர் நிக்கொலையர் கண்டறிந்தார். ஏற்புவலிக் கிருமியை 1884 இல் இனங்கண்டவரும் இவரே. அந்த மருந்து ஹெக்சமின். அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் அது உடைந்து போர்மல்டிகைட்டை வெளிவிடுகிறது. பிணங்களைப் பழுதுபடாமல் வைக்கும் அதே போர்மல்டிகைட். உடலின் மற்றப் பாகங்களுக்குத் தீங்கின்றிச் சலப்பைக்குள் மட்டும் பிறக்கும் நஞ்சு! இரசாயனத்தின் இந்தச் சாமர்த்தியத்தைப் படித்தபோது நான் உண்மையாகவே வியந்துபோனேன். சலவழிச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஹெக்சமின் கொடுப்பது அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு வழக்கமாயிற்று.

அதே காலத்தில்தான் புரொஸ்டேட் என்னும் முன்னிற்கும் சுரப்பியை முழுதாக அகற்றும் துணிவும் வந்தது. இந்திய மருத்துவ சேவையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, வட இந்தியாவின் கல்லடைப்பு நோயாளிகள் நூற்றுக்கணக்கானவர்களிடம் கை பழகிய பீற்றர் பிரேயர் என்ற ஐரிஷ்காரர் 1900 டிசம்பரில் இலண்டனில் வயிற்றின் கீழ்ப்புறம் வழியாக அந்தச் சிகிச்சையைச் செய்து, அடுத்த ஆண்டு வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த பலர் அதனை இரண்டு கட்டமாகச் செய்தார்கள்: முதலில் சலப்பையில் துளையிட்டுக் குழாய் வைத்து, நோயாளி தேறும்வரை காத்திருப்பது, அப்புறம் சுரப்பியை அகற்றுவது. என்னைப் பத்து நாள் காக்க வைத்தமைக்குக் கோபித்த நான், அக்காலத்தவர் வாரக்கணக்கில் வயிற்றில் குழாயோடு காத்திருந்ததை வாசித்து வெட்கப்பட்டேன். பிரான்சின் ஜோர்ஜ் கிளெமன்சோ 1912 இல் இச்சிகிச்சைக்குட்பட்டுப் பிழைத்தார். அப்போது அவருக்கு எழுபது வயது. ஐந்தாண்டுகள் கழித்துப் பிரதமராகி முதலாம் உலகப் போரை முடித்துவைத்தவர் அவர். அந்தக் காயத்தில் ஒரு கிருமி வலுத்திருந்தால் ஐரோப்பிய வரலாற்று நூல்களில் வேறொருவர் பெயர் இருந்திருக்கும்.

இன்னொரு சிறு செய்தி. நம் தலைமுறையினர் பள்ளிக்கூட முற்றத்தில் விழுந்து முழங்கால் உரசுப்பட்டால் பூசிய சிவப்பு மருந்து, மேர்க்குரோகுரோம், உண்மையில் முழங்காலுக்காகப் பிறந்ததே அன்று. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சலவழி நிபுணர் ஹியூ ஹம்ப்டன் யங் குழுவினர் சிறுநீர்ப் பாதையின் கிருமிகளைக் கொல்வதற்காக 1919 இல் வெளியிட்டது. பாதரசம் கலந்தது என்பதால் பிற்காலத்தில் அமெரிக்கா அதனைப் பாதுகாப்பானதென்று ஏற்கவில்லை. நாமோ அதைப் பூசிக்கொண்டு வீரத்தழும்பு போலக் காட்டித் திரிந்தோம்.

இனி அம்மப்பாவின் கதைக்கு வருகிறேன். அம்மாவின் நினைவில் ஒரு விடயம் தெளிவாக இருக்கிறது: பென்சிலின் ஊசி போட்டார்கள். யுத்தகாலத்தின் அற்புத மருந்து வந்துவிட்டதென்று குடும்பத்தினர் நம்பிக்கையோடு இருந்திருக்கிறார்கள். ஏன் பயன்படவில்லை? 1929 இல் அலெக்சாண்டர் பிளெமிங் தன் முதற் கட்டுரையிலேயே அதற்கான விடையை எழுதிவைத்திருந்தார். குடலில் வாழும் கோலி வகைக் கிருமிகளைப் பென்சிலின் தீண்டுவதில்லை. சிறுநீர்ப் பாதையைத் தாக்குபவற்றில் முதன்மையானது, தியோடர் எஷெரிக் 1885 இல் விவரித்த அந்தக் கோலி பக்றீரியாவேதான். அதனை எதிர்க்கக்கூடிய ஸ்ரெப்ரோமைசின் 1943 இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் சிறுநீரில் உள்ள கிருமிகள் சில நாட்களிலேயே அதற்குப் பழகிப்போயின. கோலியையும் தாக்கும் பென்சிலின் வகையான அம்பிசிலின் 1961 இல்தான் விற்பனைக்கு வந்தது. பதின்மூன்று வருடம் பிந்தி. யாரும் தவறு செய்யவில்லை. கையில் இருந்த மிகச் சிறந்த ஊசியைத்தான் போட்டிருக்கிறார்கள். அது வேறு பூட்டுக்கான திறப்பு.

திறப்பு மட்டும் போதாது, எப்போது போடுவது என்பதும் தெரியவேண்டும். இந்தப் பகுதிதான் எனக்கு இவ்வரலாற்றில் மிக முக்கியமானதாகப் படுகிறது. 1950களில் பல வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை முடிந்த பிறகு ஐந்து நாள், ஏழு நாள் என்று நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தார்கள். எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. தடுப்பு மருந்தே வீண் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1961 இல் பொஸ்ரன் நகரின் ஜோன் பேர்க் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, மருந்தை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையுமுன் மருந்து உடலில் இருந்தால் புண் அநேகமாக உண்டாகவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால், கொடுக்காததற்கும் கொடுத்ததற்கும் வித்தியாசமே இல்லை. இதனை மனிதரில் 1992 இல் கிளாசன் குழுவினர் 2,847 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு உறுதிசெய்தார்கள்: கத்தி வைப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடமே புண்ணழுகல் மிகக் குறைவு. வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது பற்றி நம் கிராமத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மருத்துவ உலகுக்கோ அது புரிய அவ்வளவு காலம் பிடித்தது.

சலவழி நிபுணர்கள் இதிலும் சற்றுப் பிந்தியே உடன்பட்டார்கள். சிறுநீரில் கிருமி இல்லாதவருக்கும் மருந்து வேண்டுமா என்று பல்லாண்டுகள் தர்க்கித்தார்கள். புரொஸ்டேட்டைச் சிறுநீர் வழியே சுரண்டி எடுக்கும் சிகிச்சை குறித்த 32 ஆய்வுகளை, 4,260 நோயாளிகளை, ஒன்றுதிரட்டி 2002 இல் பெரி, பரற் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே தர்க்கம் பெரும்பாலும் ஓய்ந்தது. தடுப்பு மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 26 பேரின் சிறுநீரில் பின்னர் கிருமி வளர்ந்தது. பெற்றவர்களில் 9 பேருக்கே. இரத்தத்தில் கிருமி ஏறும் அந்த ஆபத்தான நிலை, அதாவது என் அம்மப்பாவைக் கொன்றது, 4.4 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாகக் குறைந்தது. நான் எண்களை நம்பாத பத்திரிகைக்காரன். இந்த இரண்டு எண்களை மட்டும் தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்திருக்கிறேன்.

மருந்து மட்டுமே இந்த வெற்றியைத் தந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். கதீற்றரிலிருந்து சலம் திறந்த போத்தலில் சொட்டிய காலத்தில் நான்கைந்து நாட்களில் அநேகமாக எல்லோருக்கும் கிருமி தொற்றியது. காற்றுப் புகாத மூடிய பையைக் குனின், மக்கோர்மக் இருவரும் 1966 இல் பரிசோதித்துக் காட்டியபோது அந்நிலை மாறியது. ஒரு பொலித்தீன் பை, மருந்துப் பெட்டகம் முழுவதற்கும் நிகராக வேலை செய்தது.

கிருமி மட்டுமே எதிரியும் அல்ல. சிறுநீரில் இயல்பாகவே உள்ள யூரோகைனேஸ் என்ற பொருள் இரத்தக் கட்டிகளைக் கரைக்கவல்லது. ஆகவே புரொஸ்டேட் சிகிச்சைக்குப் பின் இரத்தம் நிற்காமல் ஒழுகும். ஜப்பானின் உத்தக்கோ ஒக்கமோட்டோ அம்மையார் தன் கணவரோடு சேர்ந்து 1962 இல் வெளியிட்ட ட்ரனெக்சமிக் அமிலம் அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. மறுபுறம், படுத்திருப்பவரின் கால் நாளத்தில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்து உயிர் போவதும் உண்டு. இந்தியாவில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய விஜய் கக்கர் தலைமையில் 4,121 நோயாளிகளில் நடந்த ஆய்வு 1975 இல் வெளியானது: சிறிதளவு ஹெபரின் பெற்றவர்களில் அவ்வாறு இறந்தவர்கள் இருவர், பெறாதவர்களில் பதினாறு பேர். ஒழுகாமலும் இருக்கவேண்டும், உறையாமலும் இருக்கவேண்டும். இரண்டுக்குமிடையே கயிற்றில் நடப்பவர்கள் சலவழிச் சத்திரசிகிச்சை நிபுணர்கள்.

இத்தனையும் கிடைத்த பின்னர் நாம் செய்தது என்ன? 1962 இல், மலேரியா மருந்தான குளோரோகுயின் தயாரிப்பின் பக்கவிளைவொன்றிலிருந்து நலிடிக்சிக் அமிலம் பிறந்தது. அதன் வம்சத்தில் வந்தது 1980களின் சிப்ரோபுளொக்சசின். சிறுநீர்க் கிருமிக்கு அதைப்போல் மருந்தில்லை என்றிருந்தோம். தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கினோம். அரை அட்டையை விழுங்கிவிட்டு மிச்சத்தை அலுமாரியில் வைத்து அயலவருக்குக் கொடுத்தோம். எங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படியொரு அட்டை இருந்தது, மறுக்கமாட்டேன். கோலி பக்றீரியா அதற்குப் பழகிவிட்டது. போதாக்குறைக்கு அம்மருந்தின் பாரிய பக்கவிளைவுகளும் வெளியாகவே, 2019 இல் ஐரோப்பிய ஒன்றியம் சத்திரசிகிச்சைத் தடுப்பு மருந்தாக அதனைப் பாவிப்பதை நிறுத்தியது. என் சிறுநீரில் வளர்ந்த கிருமியின் சோதனை அறிக்கையிலும் சிப்ரோபுளொக்சசினுக்கு எதிரே ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து இருந்தது. எதிர்க்கிறது என்று பொருள். இளம் வைத்தியர் ஏன் என்னைத் திருப்பி அனுப்பினார் என்பது அந்த ஓர் எழுத்தில் அடங்கியிருந்தது. வழமையான மருந்தைக் குத்திவிட்டுக் கல்லை உடைத்திருந்தால், கல்லுக்குள் ஒளிந்திருந்த கிருமியும் அதன் நஞ்சும் சேர்ந்து வெளிப்பட்டிருக்கும். அம்மப்பாவுக்குப் போட்ட பென்சிலினைப் போலத்தான் அந்த ஊசியும் அமைந்திருக்கும்.

இதற்கிடையே பழைய ஹெக்சமின் திரும்பி வந்திருக்கிறது. பிரித்தானியாவில் அடிக்கடி சிறுநீர்த் தொற்றால் வருந்திய 240 பெண்களிடம் அதனையும் நுண்ணுயிர்க்கொல்லிகளையும் ஒப்பிட்டு, தடுப்பு மருந்தாக அது அவற்றுக்குக் குறைந்ததல்ல என்று 2022 இல் முடிவு வெளியிட்டார்கள். போர்மல்டிகைட்டுக்குக் கிருமிகள் எளிதில் பழகுவதில்லையாம். நிக்கொலையர் இறந்து எண்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. 1942 இல், யூதர் என்பதால் நாடுகடத்தும் உத்தரவு வந்தபோது பெர்லினில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய மருந்தை ஒதுக்கிய மருத்துவ உலகம் மறுபடி அதன் வாசலில் நிற்கிறது.

எனக்குப் பத்து நாள் கழித்துச் சத்திரசிகிச்சை நடந்தது. கிருமிக்குப் பொருத்தமான மருந்தைப் பல நாட்கள் உட்கொண்டேன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்கம் கொடுக்குமுன் ஒரேயொரு ஊசி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்ததும் அம்மா மருந்துப் பையைத் திறந்து பார்த்தார். வலிக்குரிய குளிசைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"காய்ச்சலுக்குக் குளிசை தரேல்லையோ?"

"வரமுன்னமே ஊசி போட்டிட்டினம் அம்மா."

அவர் நம்பவில்லை. எண்பத்தாறு வயதில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, காலையும் மாலையும் என் அறைக்கு வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஆறாம் நாள் மட்டும் ஐந்து தடவை வந்தார். ஏழாம் நாள் காலையில் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். குசினிக்குள் அடுப்படியில் நின்று, இனி உறைப்புக் கறி வைக்கலாமோ என்று கேட்டார்.